நம் ஊர் வலையமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் இடையே, கீழ்பவானி வாய்க்கால் பாயும் பகுதியில், நான்கு ஊர்களைச் சேர்ந்த நாற்பது வீடுகள் கூடி ஒரு சமுதாய வலையமைப்பை நடத்தி வருகிறோம். அரிசி ஆலை ஒன்றின் மொட்டைமாடி வரை கண்ணாடியிழை வருகிறது. அங்கிருந்து வீடுகளுக்கும், சாளை என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து வீடுகளுக்கும் வானலை வழியே இணைப்புப் போகிறது. கருவிகளைப் பராமரிக்கும் வேலை என்னுடையது என்பதால், பால் சொசைட்டியிலும் கொப்பரைக் களத்திலும் என்னை நிறுத்திக் கேட்கப்பட்ட ஐயங்களைக் குறித்து வைத்துக்கொண்டே வந்தேன். கேட்டவர்களின் பேச்சை மாற்றாமல் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"நெட் வரலீங்க" என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. எந்த இடத்தில் அறுந்தது என்று சொல்லத் தெரிந்தவர் பாதிப் பழுதைத் தாமே நீக்கிவிடுகிறார்; மீதியை உரியவரிடம் சரியாக எடுத்துச் சொல்கிறார். கீழே உள்ள சொற்களை அந்த ஒரு நோக்கத்துக்காகவே விளக்கியிருக்கிறேன்.

வைஃபைன்னாலும் இன்டர்நெட்டுன்னாலும் ஒண்ணுதானுங்களே?

இரண்டும் வேறு. வைஃபை என்பது உங்கள் கைபேசிக்கும் வீட்டில் இருக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள கம்பியில்லா இணைப்பு மட்டுமே. வீட்டுக்குள் குழாய் பதித்திருப்பது ஒன்று, அந்தக் குழாயில் தண்ணீர் வருவது மற்றொன்று. வைஃபைக் குறியில் எல்லாக் கோடுகளும் நிறைந்திருந்தால், கைபேசிக்கும் ரவுட்டருக்கும் இடைப்பட்ட அந்தப் பத்து அடி நன்றாக இருக்கிறது என்பதுதான் பொருள். ரவுட்டருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதை அந்தக் கோடுகள் காட்டுவதில்லை.

பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் வைஃபைக் குறியின் ஓரத்தில் ஓர் ஆச்சரியக்குறி தோன்றினால், "ரவுட்டர் கிடைத்தது, இணையம் கிடைக்கவில்லை" என்று கைபேசியே சொல்கிறது. என்னை அழைக்கும்போது அந்தக் குறி இருந்ததா என்பதைச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

அப்ப இன்டர்நெட்டுங்கறது எங்கதானுங்க இருக்குது?

ஓர் இடத்தில் இல்லை. நம் ஊர் வலையமைப்பு, ஒரு கல்லூரியின் வலையமைப்பு, ஒரு வங்கியின் வலையமைப்பு, பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வலையமைப்புகள் என்று தனித்தனியாக நடத்தப்படும் பல்லாயிரம் வலையமைப்புகள் ஒரே விதிமுறைப்படி ஒன்றோடொன்று பேச ஒப்புக்கொண்டதன் பெயரே இணையம். அந்த விதிமுறைக்கு டி.சி.பி./ஐ.பி. என்று பெயர். 1969-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்பாநெட் என்னும் வலையமைப்பு 1983 ஜனவரி 1 அன்று இந்த விதிமுறைக்கு மாறியது. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. கடலடிக் கம்பிவடங்கள் நம் நாட்டில் சென்னை, மும்பை, கொச்சி போன்ற ஊர்களில் கரையேறுகின்றன. நாம் திறக்கும் வெளிநாட்டுப் பக்கங்கள் அவற்றின் வழியே வந்து சேர்கின்றன.

நீங்கள் அனுப்பும் படமோ குரலோ முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாக நறுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் எழுதப்பட்டு, தனித்தனியே போய்ச் சேர்ந்து மறுமுனையில் மீண்டும் கோக்கப்படுகிறது. இதைப் பாக்கெட் என்பார்கள். வழியில் ஒன்றிரண்டு தொலைந்தால் அவற்றை மட்டும் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது இந்த முறையின் பெரிய வசதி.

கூகுள்ல தேடறதத்தானுங்க நெட்டுன்னு சொல்றோம்?

இல்லை. உலாவியில் திறக்கும் பக்கங்கள் அனைத்தும் சேர்ந்த தொகுப்புக்கு உலகளாவிய வலை என்று பெயர். சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989-இல் முன்மொழிந்த அந்த ஏற்பாட்டை, 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக்கியது. இணையம் என்பது சாலை. வலை, மின்னஞ்சல், வாட்ஸ்அப் அழைப்பு எல்லாம் அதில் ஓடும் வண்டிகள். ஒரு வண்டி நின்றுபோனால் சாலை அடைபட்டுவிட்டது என்று ஆகாது. கூகுள் அந்தப் பக்கங்களைத் தேடித் தரும் நிறுவனங்களுள் ஒன்று.

மோடம், ரவுட்டர், ஸ்விட்சுன்னு ஆளுக்கொரு பேர் சொல்றாங்க. எது எதுங்க?

கண்ணாடியிழையில் ஒளியாக வருவதை மின்குறிப்பாக மாற்றித் தரும் பெட்டி ஓ.என்.டி.; பழைய தொலைபேசிக் கம்பிக் காலத்தில் இதே போன்ற வேலையைச் செய்ததை மோடம் என்றார்கள், அந்தப் பெயரே பலர் நாவில் நின்றுவிட்டது. ரவுட்டர் என்பது இரண்டு வலையமைப்புகளுக்கு இடையே நின்று, எந்தப் பொட்டலம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானிப்பது. புத்தகங்களில் திசைவி என்று எழுதுகிறார்கள், பொருத்தமான சொல். ஸ்விட்ச் என்பது ஒரே வலையமைப்புக்குள் இருக்கும் பல கம்பிகளைச் சேர்த்து வைக்கும் பெட்டி. கம்பியில் வருவதை வானலையாக மாற்றி வீட்டுக்குள் பரப்புவது அணுகுமுனை. கடையில் நீங்கள் வாங்கும் வீட்டு ரவுட்டருக்குள் ரவுட்டர், ஸ்விட்ச், அணுகுமுனை மூன்றும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

நம் வலையமைப்பில் ஓ.என்.டி. ஒன்றே ஒன்று, அதுவும் ஆலை மாடியில் இருக்கிறது. அதில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய சிவப்பு விளக்கு மின்னினால் ஒளி வரவில்லை, அதாவது வெளியே எங்கோ இழை அறுந்திருக்கிறது என்று பொருள். அது நம்மால் சரிசெய்யக் கூடியதன்று.

100 எம்.பி.பி.எஸ்.னு எழுதி இருக்குது, ஆனா படம் எறங்கறப்ப 12-தானுங்க காட்டுது. ஏமாத்தறாங்களா?

ஏமாற்றவில்லை, அளவுகள் இரண்டு. இணைப்பின் வேகத்தைப் பிட் என்னும் அலகில் சொல்கிறார்கள். கோப்பின் அளவைப் பைட் என்னும் அலகில் சொல்கிறார்கள். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். எனவே ஒரு விநாடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட் ஆகும். உங்கள் திரையில் 12 என்று காட்டினால் உங்களுக்கு முழு வேகமும் கிடைக்கிறது என்று மகிழ்ச்சியடையலாம்.

நாப்பது ஊட்டுக்கு 100-ஐப் பிரிச்சா ஊட்டுக்கு ரெண்டரைதானுங்களே வரோணும்?

நாற்பது வீட்டாரும் ஒரே நொடியில் ஒரே அளவு இழுத்தால் அவ்வளவுதான் வரும். நடப்பில் அப்படி நேர்வதில்லை. ஒருவர் செய்தி படிக்கும் நேரத்தில் அவர் இணைப்புச் சும்மா இருக்கிறது. பக்கம் திறக்கும் இரண்டு நொடிகள் மட்டுமே அவர் இழுக்கிறார். வாட்ஸ்அப்பில் குரலழைப்புக்கு 0.1 மெகாபிட் போதும். தெளிவான படக்காட்சிக்கு 5 மெகாபிட் வரை வேண்டும். இரவு எட்டு மணிக்குப் பத்து வீடுகளில் படம் ஓடினாலும் பாதிதான் செலவாகும். இந்திய அரசு 2023 ஜனவரியில் அகலப்பட்டை என்பதற்கான குறைந்தபட்ச வேகத்தை 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தியது. நம் மிக மோசமான நேரத்துக் கணக்கும் அதற்கு மேலேயே நிற்கிறது.

ஆனால் ஒருவர் மட்டும் இரவெல்லாம் பெரிய கோப்புகளை இறக்கினால் கணக்குக் கெடும். வாய்க்காலில் தலைமடைக்காரர் மடையைத் திறந்து விட்டுவிட்டால் கடைமடைக்கு எட்டாத கதை நம் பகுதியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்காகத்தான் நெரிசல் நேரத்தில் வீட்டுக்கு வீடு சமமாகப் பிரித்துவிடும் முறையை ஆலை ரவுட்டரில் அமைத்திருக்கிறோம். நெரிசல் இல்லாதபோது முழு வேகமும் ஒரே வீட்டுக்குக் கிடைப்பதை அது தடுப்பதில்லை.

ஸ்பீடு டெஸ்ட்ல நல்லாக் காட்டுதுங்க, ஆனா பையன்கிட்ட வீடியோவுல பேசறப்ப விட்டு விட்டுக் கேக்குதே?

வேகம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் இரண்டு. ஒரு நொடியில் எவ்வளவு பாய்கிறது என்பது அலைவரிசை அகலம்; அனுப்பியது போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்பது தாமதம். பவானிசாகரில் மதகைத் திறந்தால் சுமார் 200 கிலோமீட்டர் நீளமுள்ள கீழ்பவானி வாய்க்காலின் கடைசிக்குத் தண்ணீர் வந்து சேர நாட்கள் ஆகின்றன. வாய்க்கால் எவ்வளவு அகலம் என்பதும், தண்ணீர் எப்போது வந்து சேரும் என்பதும் தனித்தனிக் கேள்விகள். படம் இறக்குவதற்கு அகலம் வேண்டும். பேசுவதற்குத் தாமதம் குறைவாகவும் சீராகவும் இருக்க வேண்டும். வாய்க்கால் உவமை இதற்கு மேல் செல்லாது, ஏனெனில் இணையத்தில் ஓட்டம் இரு திசையிலும் நடக்கிறது.

கண்ணாடியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆகவே ஈரோட்டிலிருந்து சென்னைக்குப் போய்வர நொடியின் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள புவிநிலைச் செயற்கைக்கோள் வழியே என்றால் கேள்வி போய் விடை திரும்புவதற்கு அரை நொடி ஆகிறது. எத்தனை மெகாபிட் வாங்கினாலும் அந்த அரை நொடி குறையாது. நம் வீடுகளில் ஏற்படும் தடங்கலுக்கு வேறு காரணம் உண்டு. அடுத்த அறையில் ஒருவர் கல்யாண வீடியோவை மேலேற்றிக்கொண்டிருந்தால், அந்தப் பொட்டலங்கள் ரவுட்டரின் வாசலில் வரிசையாக நிற்க, உங்கள் குரலும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. பேசும்போது மேலேற்றத்தை நிறுத்திப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் வைஃபை தூரத்தைச் சந்தேகிக்கலாம். ரவுட்டர் இருக்கும் அறைக்கே வந்து பேசிப் பார்ப்பது எளிய சோதனை.

எங்க ஊட்லயும் 192.168.1.1, பக்கத்தூட்லயும் அதேதாங்க. ரெண்டு பேருக்கு ஒரே அட்ரஸ் எப்படிங்க இருக்கும்?

ஒவ்வோர் ஊரிலும் ஒரு மாரியம்மன் கோயில் வீதி இருப்பது போலத்தான். ஊருக்குள் பேசும்போது வீதிப் பெயர் போதும். வெளியூரிலிருந்து கடிதம் வர ஊர்ப் பெயரும் வேண்டும். 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை ஆகியவை உள்வீட்டுப் பயன்பாட்டுக்கு என்றே ஒதுக்கப்பட்டவை. யார் வேண்டுமானாலும் தம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். வெளி இணையத்தில் அவை செல்லாது.

இப்படி ஒதுக்கியதற்குக் காரணம் தட்டுப்பாடு. பழைய முறையான ஐ.பி.வி.4-இல் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் முகவரிகளே உண்டு. உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டுத் தீர்ந்தன. ஆகவே வீட்டில் உள்ள பத்துக் கருவிகளும் வெளியே போகும்போது ரவுட்டர் தன்னுடைய ஒரே முகவரியை அவற்றின் மேல் எழுதி அனுப்பி, பதில் வரும்போது யாருடையது என்று நினைவில் வைத்துத் திருப்பித் தருகிறது. இந்த வேலைக்கு நாட் என்று பெயர். புதிய முறையான ஐ.பி.வி.6-இல் முகவரியின் நீளம் 128 பிட். அதில் தட்டுப்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த நம்பரை யாருங்க குடுக்கறாங்க? நான் எதும் அடிச்சு வெக்கலீங்களே?

ரவுட்டரில் உள்ள டி.எச்.சி.பி. என்னும் சேவை கொடுக்கிறது. புதிய கைபேசி வந்ததும் "எனக்கு ஓர் எண் வேண்டும்" என்று கேட்கும். ரவுட்டர் காலியாக இருக்கும் ஒன்றைக் குறிப்பிட்ட நேரத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கும். ஒரு வலையமைப்பில் இப்படிக் கொடுப்பவர் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்களிடம் ஒரு வீட்டில் புதிதாக வாங்கிய ரவுட்டரை, மாடியிலிருந்து வரும் எங்கள் கம்பியில் செருகினார்கள். வெளியிலிருந்து வரும் கம்பிக்கான, வான் (WAN) என்று எழுதிய துளையில் செருகுவதற்குப் பதிலாக, வீட்டுக் கருவிகளுக்கான, லேன் (LAN) என்று எழுதிய துளையில் செருகிவிட்டார்கள். அந்தப் பெட்டி அந்தப் பகுதி முழுவதற்கும் எண் வழங்கத் தொடங்கியது. ஒன்பது வீடுகளில் கைபேசிகள் தவறான எண்ணைப் பெற்றுக்கொண்டு, வைஃபை நிறைந்தும் இணையம் இல்லாமல் ஒரு பகல் முழுதும் கிடந்தன. புதிய ரவுட்டர் வாங்கினால் செருகும் முன் ஒரு முறை என்னை அழையுங்கள். துளையின் நிறம் பெரும்பாலும் வேறாக இருக்கும், போனிலேயே சொல்லிவிடலாம்.

வாட்ஸ்அப் வருதுங்க, ஆனா வேற எந்தப் பக்கமும் தொறக்க மாட்டேங்குது. அது எப்படிங்க?

பெரும்பாலும் டி.என்.எஸ். கோளாறு. கணினிகளுக்கு எண் முகவரிதான் புரியும். நாமோ பெயரைத் தட்டச்சு செய்கிறோம். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஏற்பாடே டி.என்.எஸ். தொடக்க காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. அதை எல்லோரும் படியெடுத்து வைத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அது கட்டுப்படியாகவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் இப்போதுள்ள பகிர்ந்த முறையை வகுத்தார். இன்று ".இந்தியா" என்ற ஈற்றோடு முகவரியைத் தமிழிலேயே எழுதலாம், அதற்கும் இதே ஏற்பாடுதான் எண்ணைத் தேடித் தருகிறது.

பெயர் சொல்லும் சேவை நின்றுவிட்டால், இணைப்பை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும் செயலிகள் சிறிது நேரம் ஓடும். புதிதாகப் பெயர் கேட்டுப் போகும் உலாவி வாசலிலேயே நிற்கும். கைபேசியின் வைஃபை அமைப்பில் டி.என்.எஸ். இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று இட்டுப் பாருங்கள். அதன் பிறகு பக்கங்கள் திறந்தால் இணைப்பு நலமாக இருக்கிறது, பெயர்ச் சேவை மட்டும் படுத்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

எங்க சாளையில இருந்து ஆலை மாடி கண்ணுக்கு நல்லாத் தெரியுதுங்க. அப்பறமும் ஏனுங்க சிக்னல் இல்லீங்கறீங்க?

கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது. வானலை நூல் பிடித்தது போலப் போவதில்லை. இரு முனையிலும் ஒடுங்கி நடுவில் பருத்து, தறியில் போடும் நாடாக் கட்டையின் வடிவத்தில் போகிறது. அந்தப் பருமனுக்குப் ஃப்ரெனெல் மண்டலம் என்று பெயர். 5.8 கிகாஹெர்ட்ஸ் வானலை 2 கிலோமீட்டர் தூரம் போனால் நடுவழியில் அதன் ஆரம் சுமார் 5 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் 8 மீட்டர். அந்த ஆரத்தில் குறைந்தது அறுபது விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும். பார்வைக் கோட்டுக்கு இரண்டு மீட்டர் கீழே ஒரு தென்னந்தோப்பின் தலை இருந்தால், கண்ணுக்கு வழி திறந்திருக்கும், வானலைக்கு அடைபட்டிருக்கும்.

மரங்களில் உள்ள நீர் வானலையை விழுங்குகிறது. மழை பெய்து மட்டை நனைந்திருக்கும் நாளில் இன்னும் மோசமாகும். கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தின் மேலாகப் போகும் இணைப்புகள் எங்களுக்கு ஒருபோதும் தொல்லை தந்ததில்லை, கிளுவை வேலி தாழ்வானது, இடையில் நிற்கும் ஒன்றிரண்டு வெள்வேல மரங்களை விலகிப் போய்விடலாம். தோப்பின் மேலாகப் போகும் இணைப்புகளை மட்டும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் தென்னம்பிள்ளை வளர்கிறது. இதற்காக மரத்தை வெட்டச் சொல்லி நாங்கள் யாரையும் கேட்பதில்லை. கம்பத்தை உயர்த்துகிறோம், அல்லது இன்னொரு வீட்டு மாடி வழியாகச் சுற்றிக் கொண்டுவருகிறோம்.

2.4-ன்னும் 5-ன்னும் ரெண்டு வைஃபை காட்டுதுங்க. எதுல சேரோணும்?

ரவுட்டர் உள்ள அறையில் 5. இரண்டு சுவர் தாண்டினால் 2.4. முன்னதில் வேகம் அதிகம், சுவரைத் துளைக்கும் திறன் குறைவு. பின்னது தூரம் போகும், ஆனால் புளூடூத் கருவிகளும் நுண்ணலை அடுப்பும் அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அதே இடத்தில் பேசுவதால் இரைச்சல் மிகுந்தது.

மெஷ்ஷுன்னு சொல்றீங்களே, அது நல்லதுங்களா? எங்க ஊட்ல இருந்து அடுத்த ஊட்டுக்கு அப்படியே தாண்டிப் போகுமாமே?

மெஷ் என்பது ஒவ்வொரு வீட்டுக் கருவியும் தன் இணைப்பைத் தான் பயன்படுத்துவதோடு அடுத்த வீட்டுக்கும் கடத்திவிடும் ஏற்பாடு. இப்படிக் கடத்தும் ஒவ்வோர் இடத்தையும் கணு என்கிறோம், கரும்பின் கணுவைப் போல. ஒரு கணு கெட்டால் பொட்டலங்கள் வேறு கணு வழியாகத் தாமே பாதை கண்டுபிடித்துப் போகும். ஸ்பெயினின் காத்தலோனியாப் பகுதியில் 2004-இல் தொடங்கிய குய்ஃபி.நெட் என்னும் சமுதாய வலையமைப்பு, ஊர்மக்களே இட்ட பல்லாயிரம் கணுக்களாக வளர்ந்திருக்கிறது. அதைப் பற்றி அறிந்த பிறகுதான் நம்மாலும் முடியும் என்ற துணிவு எங்களுக்கு வந்தது.

அதில் ஒரு விலையும் உண்டு. ஒரே வானலைக் கருவி கேட்கவும் சொல்லவும் வேண்டியிருப்பதால், ஒரே அலைவரிசையில் ஒவ்வொரு கணு தாண்டும்போதும் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. முதல் வீட்டில் 40 மெகாபிட் என்றால் அடுத்ததில் 20, அதற்கடுத்ததில் 10. ஆகவே ஆலை மாடியிலிருந்து ஒவ்வோர் ஊருக்கும் தனித்த நேர் இணைப்பு கொடுத்து, ஊருக்குள் மட்டும் ஒன்றிரண்டு தாண்டலோடு நிறுத்துகிறோம். எல்லா இடத்துக்கும் மெஷ் என்று சொல்பவர்களோடு இந்த ஒன்றில் நான் உடன்படுவதில்லை.

இடி இடிச்சா ரவுட்டரைக் கழட்டி வெக்கோணுமுங்களா?

ஆம், தயவுசெய்து கழற்றி வையுங்கள். மாடியில் உள்ள கருவிக்கு மின்சாரமும் தரவும் ஒரே கம்பியில் போகின்றன. இந்த முறைக்குப் பி.ஓ.இ. என்று பெயர், அந்தக் கம்பி 100 மீட்டர் வரை நீளலாம். இடி நேரே விழ வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி விழுந்தாலும் நீண்ட கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்பட்டு இரு முனையிலும் உள்ள கருவிகளை எரித்துவிடும். சித்திரையில் பெய்த ஒரு கோடைமழையில் மூன்று வீடுகளில் கருவிகள் கருகின; மூன்றிலும் கம்பத்துக்கு நிலத்தொடர்பு போடாமல் விட்டிருந்தோம். அதன் பிறகு நிலத்தொடர்பு இல்லாமல் எந்தக் கம்பத்தையும் நிறுத்துவதில்லை.

மின்வெட்டுக்கு அஞ்ச வேண்டாம். மாடிக் கருவியும் வீட்டு அணுகுமுனையும் சேர்ந்து 10 வாட்டுக்கு உள்ளாகவே இழுப்பதால், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி கொண்ட சிறிய பேட்டரி ஒன்றே ஐந்தாறு மணி நேரம் தாங்கும்.

வெளி லைன் கட்டானா நம்ம நெட்டும் சுத்தமாப் போச்சுங்களா?

போகாது; இதை எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். ஓ.என்.டி.யின் சிவப்பு விளக்கு மின்னும் நாளிலும் நான்கு ஊர்களுக்கு இடையே உள்ள வானலை இணைப்புகள் அப்படியே இருக்கின்றன. அவை நாம் காசு போட்டு நாமே நிறுத்தியவை. ஆலை மாடியில் உள்ள பழைய கணினியில் கிவிக்ஸ் என்னும் மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவின் படி இருக்கிறது. பள்ளிப் பாடநூல்கள் இருக்கின்றன. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக் கொப்பரை ஏல விலையை வாரந்தோறும் ஏற்றி வைக்கிறோம். 10 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரியில் அது இருப்பதால், வெளி இணையமே இல்லாமல் எந்த வீட்டிலிருந்தும் திறக்கலாம். வேகமும் வெளி இணைப்பின் 100-க்குக் கட்டுப்பட்டதன்று.

நாங்க என்ன பாக்கறமுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?

நியாயமான கேள்வி, தெரிவதை மறைக்காமல் சொல்கிறேன். முகவரியின் தொடக்கத்தில் எச்.டி.டி.பி.எஸ். இருந்தால், உங்கள் கருவிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போவது பூட்டிய பெட்டி. கடவுச்சொல், வங்கி இருப்பு, படித்த கட்டுரை, வாட்ஸ்அப்பில் பேசியது எதையும் என்னாலோ நமக்கு வெளி இணைப்புத் தரும் நிறுவனத்தாலோ படிக்க முடியாது. ஆனால் எந்தத் தளத்தின் பெயரைக் கேட்டீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு இழுத்தீர்கள் என்பவை வழியில் இருப்பவர் விரும்பினால் தெரியும். மேலே சொன்ன டி.என்.எஸ். கேள்வியே பெயரை வெளிப்படுத்திவிடுகிறது. உலாவியின் மறைமுகச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்தாலும் இது மாறாது. அது உங்கள் கருவியில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே. வீட்டுவாரியாக எவ்வளவு செலவானது என்ற மொத்தக் கணக்கைத் தவிர வேறெதையும் நான் எடுத்துப் பார்ப்பதில்லை.

வீட்டு வைஃபைக்குக் கடவுச்சொல் இடும்போது டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்று தேர்ந்தெடுங்கள். பழைய டபிள்யூ.இ.பி. என்னும் பூட்டை உடைக்கும் வழி 2001-லேயே வெளியாகிவிட்டது.

தோட்டத்துல கேமரா வெச்சிருக்கறேனுங்க. ஊட்ல இருந்தா தெரியுது, திருப்பூர் போனாத் தெரிய மாட்டேங்குது. ஏனுங்க?

நாட் பற்றிச் சொன்னதை நினைவுகூருங்கள். உள்ளிருந்து கேட்டுப் போனவருக்குத்தான் ரவுட்டர் பதிலைத் திருப்பித் தரும். வெளியிலிருந்து தானாக ஒருவர் வந்து கதவைத் தட்டினால், யார் வீட்டுக்கு வந்தவர் என்று அதற்குத் தெரியாது. இன்ன கதவைத் தட்டுபவரை இன்ன கருவிக்கு அனுப்பு என்று ரவுட்டரில் எழுதி வைத்து இதைத் தீர்ப்பது பழைய வழி, அதற்குப் போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர். ஆனால் இப்போது சேவை நிறுவனங்களும் தம் பங்குக்கு ஒரு நாட் வைத்துப் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையே தொடங்கினால் அதுதான் நிலைமை. அப்போது வீட்டு ரவுட்டரில் எதை எழுதினாலும் பயனில்லை.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. நிறுவனத்திடம் நிலையான பொது முகவரி விலைக்கு வாங்கலாம். வயர்கார்டு போன்ற மென்பொருளைக் கொண்டு வெளியில் உள்ள ஒரு கணினிக்குப் பூட்டிய தனிவழி (வி.பி.என்.) ஒன்றைப் போட்டு அதன் வழியே வரலாம். அல்லது கேமரா நிறுவனத்தின் செயலி வழியே பார்க்கலாம். மூன்றாவது எளிது, ஆனால் உங்கள் தோட்டத்துக் காட்சி அந்த நிறுவனத்தின் கணினி வழியாகப் போகிறது என்பதை அறிந்தே ஒப்புக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும் கேமராவோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

நான் தனியா ஒரு லைன் வாங்கி அக்கம்பக்கத்துக்கு மாசம் நூறு ரூவாய்க்குக் குடுக்கலாமுங்களா?

வீட்டு உபயோகத்துக்கு என்று வாங்கிய இணைப்பை அப்படி விற்கக் கூடாது. இந்தியாவில் இணையச் சேவையை விற்க உரிமம் வேண்டும். வானலையைப் பொறுத்தவரை, 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி 2018-லும் உரிமத் தேவையிலிருந்து விடுவிக்கப்பட்டன. வரையறுத்த ஆற்றலுக்குள், ஒப்புதல் பெற்ற கருவிகளைக் கொண்டு யாரும் பயன்படுத்தலாம். வானலை உரிமம் வேறு, இணையம் விற்கும் உரிமம் வேறு என்பதைப் பலர் கலந்துவிடுகிறார்கள்.

நேர்வழி ஒன்று இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம்.-வாணி திட்டத்தில், பெட்டிக்கடை வைத்திருப்பவரும் பொதுத் தரவு அலுவலகம் என்ற பெயரில் உரிமமோ பதிவோ கட்டணமோ இல்லாமல் வைஃபை வழங்கலாம். பதிவு பெற்ற ஓர் ஒருங்கிணைப்பாளரோடு சேர்ந்துகொண்டால் போதும். பகிர்வதற்கு என்று எழுதி வாங்கிய இணைப்பாக இருக்க வேண்டும். நம் ஆலை மாடி இணைப்பும் அப்படி எழுதி வாங்கியதே. அந்தத் தாள் நம் கோப்பில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

நெட் வரலைன்னா உங்களைக் கூப்புடறதுக்கு முன்னால நாங்க என்னங்க பாக்கோணும்?

முதலில் பக்கத்து வீட்டில் வருகிறதா என்று கேளுங்கள். அங்கும் இல்லையென்றால் ஊருக்கான இணைப்போ வெளி இழையோ போயிருக்கிறது. ஆலை மாடிக் கணினியின் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் வெளி இழை, திறக்காவிட்டால் நம் ஊருக்கான வானலை. பக்கத்து வீட்டில் நன்றாக வந்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள். அப்போது மாடிக் கருவிக்கு மின்சாரம் தரும் சிறு பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று பார்த்து, அதைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டுச் செருகுங்கள். பிறகு வைஃபைக் குறியில் ஆச்சரியக்குறி உண்டா என்பதையும், கைபேசி பெற்றிருக்கும் எண் எதில் தொடங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான எண்ணாக இல்லாவிட்டால் மேலே சொன்ன ஒன்பது வீட்டுக் கதைதான். எண் சரியாக இருந்தும் பக்கம் திறக்காவிட்டால் டி.என்.எஸ்.ஸை மாற்றிப் பாருங்கள்.

கம்பியை அணில் கடித்திருக்கிறதா என்று மாடிப் படியேறி ஒரு முறை பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. மழையோ இடியோ இருக்கும்போது மட்டும் ஏற வேண்டாம். இவ்வளவையும் பார்த்துவிட்டு, "பக்கத்தூட்ல வருதுங்க, விளக்கு எரியலீங்க" என்று இரண்டு வரி சொன்னால், ஏணியை எடுப்பதா புதிய மின்பெட்டியை எடுப்பதா என்பது நான் வண்டியைக் கிளப்பும் முன்பே தெரிந்துவிடும்.